லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள்

இந்த ஞாயிற்றுக்கிழமை யார் என்ன சொன்னாலும் சரி, குடும்பத்தோடு எங்கேயும் போகப்போவதில்லை என்று வியாழக்கிழமையே முடிவு செய்துவிட்டேன். சும்மா முடிவு இல்லை. பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து, விரலை ஆட்டி, "போகமாட்டேன்டா! என்ன பண்ணிடுவாங்க?" என்று எனக்கு நானே கர்ஜித்துக்கொண்ட முடிவு. வெளியே நின்று கர்ஜிக்கத் தைரியம் இல்லாததால்தான் பாத்ரூம்.

காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஃபுட்பால் ஃபைனல். எங்கள் டீம் ஃபைனலுக்கு வந்திருந்தது. இதற்கு முன்னால் வந்தது எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின வருஷம். அதற்குப் பிறகு ஒரே தோல்விதான். டீமைச் சொல்கிறேன்.

ஸ்பேனர் புது டிவி வாங்கியிருந்தான். சுவரில் பாதி அகலம். ஸ்பேனர் என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கல்யாணத்துக்குப் போனாலும் சட்டைப் பாக்கெட்டில் ஒரு ஸ்பேனரோடு போகிறவன் என்பதால் கம்பெனியில் வைத்த பெயர். அவனும் நானும் லிஃப்ட் மெக்கானிக்குகள். எங்கேயாவது லிஃப்ட் பாதியில் நின்று ஆள் மாட்டிக்கொண்டால் போய் இறக்கிவிடுவது எங்கள் வேலை.

"டேய், ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போறா. வீடு காலி. ரெண்டு நாற்காலி, ஒரு டிவி, நீ, நான்" என்றான் ஸ்பேனர். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வீட்டில் நிலைமை வேறு. கோடை விடுமுறையில் பாதி போய்விட்டது. பிள்ளைகளை ஒரு இடத்துக்கும் கூட்டிப்போகவில்லை. என் சம்சாரம் சாப்பாட்டு மேஜையில் கூட்டம் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வெளியில போறோம். எங்க போகலாம்? சொல்லுங்க."

"தண்ணியில சறுக்கற பார்க்" என்றான் நடுவன். அவனுக்குப் பத்து வயசு.

"அங்க எல்லாம் சின்னப் பசங்கதான் போவாங்க. ஏசி போட்ட கடைத்தெருவுக்குப் போலாம். நான் தனியா சுத்துவேன். நீங்க யாரும் என்கூட வர்ற மாதிரி காட்டிக்கக் கூடாது" என்றாள் பெரியவள். அவளுக்குப் பதினைந்து. காதில் எப்போதும் ஹெட்போன். இந்த வருஷத்தில் அவள் என்னிடம் பேசினதெல்லாம் "ம்" தான்.

"வாத்து!" என்றாள் குட்டி. ஆறு வயசு. குளத்துக்குப் போய் வாத்துக்கு ரொட்டி போடவேண்டுமாம்.

"வாத்தை வீட்டு மொட்டை மாடியிலருந்தே பாக்கலாம்டி" என்றாள் பெரியவள்.

"தொட முடியாதே!"

"உன்னோட கடைத்தெருவுல நான் என்ன பண்றது? பொம்பளைச் செருப்பு பாக்கறதா?" என்று நடுவன் அவள்மேல் பாய்ந்தான்.

அரைமணி நேரம் இதே ரகளை. எனக்கு உள்ளுக்குள்ளே குளிர்ந்தது. மூன்று பேரும் மூன்று பக்கம் இழுத்தால் வண்டி கிளம்பாது. "பாவம், நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று பெரிய மனுஷனாட்டம் சொல்லிவிட்டு எழுந்தேன்.

"முடிவு நான் எடுத்தாச்சு. காலைல குளம், மத்தியானம் பார்க், சாயங்காலம் கடைத்தெரு. மூணும் போறோம்" என்றாள் சம்சாரம்.

எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

என் சம்சாரத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற இடத்தில் உட்காருகிறவள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "ரொம்ப அவசரம்மா" என்று முன்னால் பாய்கிறவர்களை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்து, "நல்லாத்தானே இருக்கீங்க, போய் வரிசையில உக்காருங்க" என்று அனுப்புகிறவள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் போட்ட திட்டம் இருக்கிறதே, அதற்கு என்னைத்தான் முதலில் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும்.

திட்டம் இதுதான். கிளம்புகிற நேரத்துக்கு ஸ்பேனர் எனக்கு போன் பண்ணவேண்டும். லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று நான் பதறவேண்டும். ஓடவேண்டும். நேராக அவன் வீட்டு நாற்காலிக்கு.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தொப்பி, துண்டு, தண்ணீர்ப் பாட்டில், வாத்துக்கு ரொட்டி எல்லாம் வாசலில் தயார். போன் அடித்தது. நான் அலறினேன்.

"என்னது ஸ்பேனர்! மாட்டிக்கிட்டாங்களா? ஐயையோ! எந்தக் கட்டடம்? மார்க்கெட் பக்கத்து ஆபீஸ் கட்டடமா? ஐயையோ! இதோ வர்றேன்! இதோ வந்துட்டேன்!"

நடிப்பு பிரமாதம். நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். அதில் வேர்வையும் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல யாருங்க?" என்றாள் சம்சாரம்.

"யாரோ... மிச்ச வேலை பாக்க வந்தவங்க போலிருக்கு. என்ன பண்றது, என் தலையெழுத்து. நீங்கள்லாம் ஜாலியா இருக்கவேண்டிய நாளு. எனக்கு மனசே கேக்கலை."

அவள் என்னைப் பார்த்தாள். டோக்கன் பார்வை. எனக்கு உள்ளங்கால் கூசியது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"பாவங்க, உள்ள இருக்கறவங்க. கிளம்புங்க. ஏய் பிள்ளைங்களா! அப்பா வேலை பாக்கறதை நீங்க பாத்ததே இல்லையே? மூணு பேரும் கூடப் போயிட்டு வாங்க!"

"அதெல்லாம் வேணாம்!" என்று நான் கத்துவதற்குள் மூன்று பேரும் கத்திவிட்டார்கள். "ஐ! போலாம்! போலாம்!" பிறந்ததிலிருந்து மூன்றும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். பெரியவள் ஹெட்போனைக் கழற்றினாள். அவளுக்குக் காது இருப்பதையே நான் மறந்திருந்தேன்.

"ஆபத்தும்மா! கரண்டு, கயிறு..."

"ஓரமா நின்னு பாப்பாங்க. உள்ள இருக்கறவங்களுக்கு இந்த பிஸ்கட்டையும் தண்ணியையும் குடுங்க. நேரம் ஆகுதுங்க, பாவம், மூச்சு முட்டிக்கிட்டு இருப்பாங்க."

"ஒரு நிமிஷம், பாத்ரூம்" என்று ஓடினேன். தாழ் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டு ஸ்பேனருக்கு போன் பண்ணினேன்.

"வந்துட்டியா? டீம் இறங்கப்போகுதுடா!" என்றான்.

"டேய், பிள்ளைங்க கூட வருது. நீ உடனே போய் மாட்டிக்கோ!"

"எதுல?"

"லிஃப்டுலடா! ஓடிப்போய் ஏறி, நாலாவது மாடிக்குக் கீழ ஸ்டாப் சுவிட்சை அமுக்கிட்டு நில்லு. நான் வந்து காப்பாத்தறேன்."

"ஃபைனல்டா!"

"போன்ல பாரு! நீ மாட்டலைன்னா நான் மாட்டிப்பேன்!"

வண்டியை எவ்வளவு மெதுவாக ஓட்டமுடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினேன். ஸ்பேனருக்கு நேரம் கொடுக்கவேண்டுமே. சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

"அப்பா, இது சுத்து வழியாச்சே?" என்றான் நடுவன்.

"அந்த வழியில கூட்டம்."

"ஞாயித்துக்கிழமைப்பா."

"வேகமா போங்கப்பா, ப்ளீஸ்" என்றாள் பெரியவள். என்னிடம் 'ப்ளீஸ்' சொன்னாள்!

"அப்பா, உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணுக்கு வந்தா என்ன பண்ணுவாங்க?" என்று குட்டி கேட்டது. கேட்டுவிட்டுத் தானே யோசித்து அழ ஆரம்பித்தது. எனக்கும் அழவேண்டும் போலத்தான் இருந்தது.

கட்டடத்து வாசலில் வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் நின்னுடுச்சாமே!" என்று நடுவன் ஓடினான்.

"நின்னுடுச்சா? இப்பத்தானே உங்காளு ஒருத்தர் ஏறினாரு, ஜம்முனு போச்சே தம்பி."

நான் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று கண்ணடித்தேன். அவர் என்னையே பார்த்தார். மறுபடியும் அடித்தேன். எழுந்து கிட்டே வந்தார்.

"கண்ணுல தூசியா சார்? ஊதி விடவா?"

அப்போது மேலேயிருந்து ஒரு அலறல். "ஐயோ! போச்சு! போச்சேடா! எல்லாம் போச்சே!"

பிள்ளைகள் மூன்றும் என்னைக் கட்டிக்கொண்டன. அது ஸ்பேனர் குரல். நம் ஆள் கோலைத் தவறவிட்டிருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. எவன் தவறவிட்டான், எப்படித் தவறவிட்டான் என்று தெரியாமல் என் நெஞ்சு வெடித்தது.

"செத்துடுவாராப்பா?" என்றாள் குட்டி.

"மாட்டாரும்மா. இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு, படியேறி அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் போன் பண்ணினேன். "டேய், வந்தாச்சு. இப்ப சுவிட்சை எடுத்துட்டு, கீழ வா. நான் மேல போய் எதையோ திருகின மாதிரி வந்துடறேன். எத்தனைக்கு எத்தனை?"

"எடுத்துட்டேன். வரலை."

"விளையாடாத."

"சத்தியமாடா. எடுத்தேன், ஒரு குலுக்கு குலுக்குச்சு, லைட்டு போச்சு. நகர மாட்டேங்குது. நிஜமாவே மாட்டிக்கிட்டேன்."

"உள்ள எத்தனை பேர்?" என்றேன். வாய் தானாகக் கேட்டது. எத்தனை வருஷத்துப் பழக்கம்!

"நான் ஒருத்தன்தான்டா மடையா! நீதானே அனுப்பினே!"

அவன் குரல் நடுங்கியது. ஊரில் எத்தனை பேரை இருட்டிலிருந்து வெளியே எடுத்தவன் அவன். உள்ளே இருந்து அவன் பேசி நான் கேட்டதே இல்லை. "டேய், என்னமோ பண்ணுதுடா. காத்து பத்தலை. சீக்கிரம் வாடா" என்றான். அந்த நிமிஷம் எனக்கு ஃபைனல் மறந்துபோனது. ஒரு நாற்காலிக்கு ஆசைப்பட்டு ஒரு மனுஷனைக் கொண்டுபோய் உள்ளே அடைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இதற்கு வழி ஒன்றுதான். மொட்டை மாடி மோட்டார் ரூமுக்குப் போய், மெயினை அணைத்துவிட்டு, கையாலே லிஃப்டை நகர்த்தவேண்டும். ஒருவர் பிரேக் கம்பியை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தைச் சுற்றவேண்டும். ஒருத்தனால் முடியாது. இன்னொரு ஆளைக் கம்பெனியிலிருந்து கூப்பிடலாம். கூப்பிட்டால், லீவு நாளில் யாரும் புகார் கொடுக்காத லிஃப்டில் ஸ்பேனர் ஏன் ஏறினான் என்று கேட்பார்கள். ரெண்டு பேர் வேலையும் போகும். வாட்ச்மேனுக்கோ கதவைத் திறக்கிறபோதே கை ஆடுகிறது.

கீழே ஓடினேன். "பிள்ளைங்களா, எனக்கு உங்க உதவி வேணும்" என்றேன். குரல் உடைந்திருந்தது. அது மட்டும் நடிப்பு இல்லை.

குட்டியை வாட்ச்மேனோடு நாலாவது மாடியில் உட்காரவைத்தேன். கதவைத் தொடக்கூடாது, ஆனால் உள்ளே இருக்கிறவரோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும். நடுவன் மொட்டை மாடிக்குப் போகிற படியில். குட்டி பக்கத்துச் செய்தியை என்னிடமும், என் செய்தியைக் கீழேயும் கத்தவேண்டும். பெரியவள் என்னோடு மோட்டார் ரூமில்.

"இந்தக் கம்பியை நான் 'இழு'ன்னா இழு. 'விடு'ன்னா அந்த நிமிஷமே விட்டுடணும். யோசிக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

அவள் முகம் வெளுத்திருந்தது. "புரிஞ்சுதுப்பா" என்றாள்.

"இழு."

இழுத்தாள். சக்கரம் லேசில் அசையவில்லை. தோள்பட்டையைக் கொடுத்துத் திருப்பினேன். கயிறு ஒரு விரல்கடை நகர்ந்தது.

"விடு. இழு. விடு."

கீழேயிருந்து குட்டியின் குரல் கேட்டது. "பயப்படாதீங்க! எங்கப்பா வந்துட்டாரு! உங்களுக்கு ஒண்ணுக்கு வருதா?"

"இல்லைம்மா" என்று தீனமாக ஒரு குரல்.

"அப்பா! அவருக்கு ஒண்ணுக்கு வரலையாம்!" என்று நடுவன் படியிலிருந்து மேலே கத்தினான்.

"அது வேண்டாம்டா! லிஃப்ட் எங்க இருக்குன்னு கேளு!"

"இழு" என்றேன். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கம்பி உள்ளங்கையில் பதிந்து சிவந்துவிட்டது. கயிற்றில் நாலாவது மாடிக்கு வைத்த பெயிண்ட் குறி மெள்ள மெள்ள வந்து நேராக நின்றது. "விடு!" டக்கென்று விட்டாள். ரெண்டு பேரும் மூச்சு வாங்கினோம்.

"கரெக்டா நிக்குதாம்ப்பா!" என்று நடுவன் அலறினான்.

இறங்கி ஓடி, சாவி போட்டுக் கதவைத் திறந்தேன். ஸ்பேனர் தடுமாறி வெளியே வந்தான். ஓடிவந்த அவசரத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். வந்தவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவனுக்கு உடம்பெல்லாம் வேர்வை. நான் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன். குட்டி பிஸ்கட்டை நீட்டியது.

"ஸ்பேனர் மாமா! நீங்களா?" என்றான் நடுவன். "உள்ள வேற யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னுதானே நீங்க போன் பண்ணீங்க?"

ஸ்பேனர் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தான். "ஆமாம்டா. அவரை எடுக்க வந்து நான் மாட்டிக்கிட்டேன்."

"அப்ப அவர் எங்கே?"

"அவரு... படிக்கட்டு வழியா இறங்கிப் போயிட்டாரு."

"லிஃப்டுக்குள்ள ஏது மாமா படிக்கட்டு?"

"மாமாவுக்கு மயக்கமா இருக்குடா, வா போலாம்" என்று நான் நடுவன் வாயைப் பொத்தினேன்.

வண்டியில் ஏறினபோது பெரியவள் முன்சீட்டில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "செமப்பா நீங்க" என்றாள். "இத்தனை நாளா இதெல்லாம் நீங்க தனியா பண்றீங்களா?" ஃபைனல் போனால் போகிறது என்று நிஜமாகவே தோன்றியது. தோன்றிய கையோடு, வேகமாகப் போனால் கடைசிக் கொஞ்சமாவது பார்க்கலாமே என்றும் தோன்றியது. ஸ்பேனரைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். போன வழியில் முந்தின சைக்கிள்காரர்களையெல்லாம் வருகிற வழியில் முந்தினேன்.

ஸ்பேனர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே டிவி ஓடுகிற சத்தம். ஸ்பேனருக்கு முகம் செத்துவிட்டது. "நான் பூட்டிட்டுத்தானேடா வந்தேன்" என்றான்.

நாங்கள் எங்களுக்காகப் போட்டிருந்த ரெண்டு நாற்காலியில் ஒன்றில் ஸ்பேனர் சம்சாரம். இன்னொன்றில் என் சம்சாரம். ரெண்டு பேரும் ஸ்டூலில் கால் நீட்டியிருந்தார்கள். டிவியில் யாரோ ஒருத்தி யாரையோ நினைத்து மழையில் அழுதுகொண்டிருந்தாள்.

"வாங்க. காப்பாத்தியாச்சா?" என்றாள் என்னவள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மேட்ச்..." என்றான் ஸ்பேனர்.

"அதுவா? நாங்க வந்ததும் மாத்திட்டோம் அண்ணே. ஒரே ஓட்டமா ஓடிக்கிட்டு இருந்தாங்க, தலைவலி வந்துடுச்சு."

"நீ எப்படி இங்கே?" என்றேன். அசடு வழிவது எனக்கே தெரிந்தது.

"நீங்க அந்தப் பக்கம் போனதும் அண்ணிக்கு போன் போட்டேன். அவங்க அக்கா வீட்டுல பிள்ளைங்களை விட்டுட்டு வந்து பார்த்தா, ரெண்டு நாற்காலி, ரெண்டு டம்ளர். சொல்லாமலே புரிஞ்சுதுங்க."

"எனக்கு நிஜமாவே அழைப்பு வந்துதும்மா!"

"நிஜமா வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க தெரியுமா? போனை எடுத்ததும் 'உள்ள எத்தனை பேர்?'னு கேப்பீங்க. சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் கேப்பீங்க, தூங்கிக்கிட்டு இருந்தாலும் கேப்பீங்க. காலைல எத்தனை ஐயையோ போட்டீங்க! அதை மட்டும் கேக்கலை."

ஸ்பேனர் சம்சாரம் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் ஸ்பேனரைப் பார்த்தேன். அவன் சட்டையைத் திருப்பிப் போட ஆரம்பித்தான்.

"அப்ப எதுக்குப் பிள்ளைங்களை என்கூட அனுப்பினே?"

"லீவு விட்டதிலருந்து நான் ஒருநாள் தனியா உக்காந்திருக்கேனாங்க? கால் நீட்டி டிவி பாக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசினால் எனக்கு எப்போதுமே பதில் வராது.

அதற்குள் பிள்ளைகள் உள்ளே பாய்ந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். பெரியவள் சிவந்த உள்ளங்கையைக் காட்டினாள். நடுவன் கயிறு, சக்கரம், பிரேக்கு என்று கையை ஆட்டினான். குட்டி, மாமாவுக்கு ஒண்ணுக்கு வராத விஷயத்தை விளக்கியது.

"அம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமையும் போலாம்மா!" என்றாள் பெரியவள்.

"பார்க்கு?" என்றேன் நப்பாசையோடு. "வாத்து? கடைத்தெரு?"

"வேணாம்!" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

"அதுக்கென்ன, போனாப் போச்சு" என்றாள் சம்சாரம். "நானும் அண்ணியும் பேசி முடிச்சாச்சு. லீவு முடியற வரைக்கும் எல்லா ஞாயித்துக்கிழமையும் லிஃப்டுதான். அடுத்த வாரம் அண்ணி பிள்ளைங்க ரெண்டும் சேர்ந்து அஞ்சு பேரையும் அண்ணன் கூட்டிட்டுப் போறாரு. பாவம், அவர் பிள்ளைங்களும் அவங்க அப்பா காப்பாத்தறதைப் பாக்கவேணாமா?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்பேனர் போகிறான். அப்படியென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சும்மா!

"ரொம்ப நல்ல யோசனை. அப்ப நான் வீட்டுல இருக்கலாம்ல?" என்றேன்.

"அதெப்படிங்க?" என்றாள். "உள்ள யாராவது இருந்தாத்தானே அண்ணன் காப்பாத்த முடியும்?"